எக்ஸ்

யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் திரையில் சாளரங்களைக் காட்டும் அமைப்பு எக்ஸ். பெயர் அகரவரிசையில் வந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வி என்னும் இயங்குதளத்துக்கு எழுதப்பட்ட சாளர அமைப்பு டபிள்யூ. அதை அடியொற்றி 1984இல் எம்.ஐ.டி.யில் பாப் ஷைஃப்லர் புதியதை உருவாக்கியபோது, அடுத்த எழுத்தே பெயராயிற்று. 1987இல் வந்த பதினொன்றாம் பதிப்பு எக்ஸ்11.

இதில் ‘சர்வர்’ என்பது எங்கோ இருக்கும் கணினி அன்று. நம் முன்னுள்ள திரை, கீபோர்டு, மவுஸ் ஆகியவற்றை ஆளும் நிரல். வரைந்து காட்டும்படி அதைக் கேட்கும் செயலிகள் ‘கிளையன்ட்’. சாளரங்களுக்குச் சட்டமும் தலைப்புப் பட்டையும் இட்டு, நகர்த்தி, அடுக்கும் ‘விண்டோ மேனேஜர்’ தனி நிரல். எக்ஸுக்கு அதுவும் ஒரு கிளையன்ட்தான். அதனால் எக்ஸைத் தொடாமலே அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.