தகர டிக்கெட்டும் ஐ.டி.பி.யும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஷிஃப்ட் மாத்தி மாத்திப் போட்டா எங்கேங்க எழுதறது? ஒரகடத்துல வேலை பார்க்கிறவங்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

விஷயம் என்னன்னா, வர்ற பிப்ரவரியில் இலங்கை போறோம். நான், தங்கமணி, அப்பா. டூர் பேக்கேஜ், வேன், டிரைவர் எதுவும் கிடையாது. அங்கே கார் வாடகைக்கு எடுத்து நானே ஓட்டப் போறேன். வெளிநாட்டில் ஸ்டியரிங் பிடிக்கிறது இதுதான் முதல் தடவை.

இதுல ஒரு காமெடி இருக்கு. எட்டு வருஷமா கார் பாகம் செய்யற கம்பெனியில இருக்கேன். இருங்காட்டுக்கோட்டையில 1998-லேர்ந்து கார் செய்யறாங்க, ஒரகடத்துல 2010-லேர்ந்து. ஸ்டியரிங் இடது பக்கம் வெச்ச வண்டி, வலது பக்கம் வெச்ச வண்டி எல்லாம் இங்கேர்ந்து கப்பல் ஏறி எத்தனையோ நாட்டுக்குப் போயாச்சு. வண்டி பார்த்த உலகத்தை நான் பார்த்ததில்லை. பெங்களூர் தாண்டி ஓட்டினதே இல்லை :-)

எல்லாரும் போற ரூட் கொழும்பு, கண்டி, நுவரெலியா. நான் போட்ட ரூட்டைப் பார்த்துட்டு தங்கமணி முறைச்சாங்க. கொழும்பில் கார் எடுத்து, நேரே வடக்கே தலைமன்னார். அங்கேர்ந்து தெற்கே மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியா மாத்தளை. "தலைமன்னார்ல என்ன இருக்கு?"ன்னு கேட்டாங்க. ஒரு பழைய இறங்குதுறை, ஒரு லைட் ஹவுஸ், மணல். அதைப் பார்க்கவா இவ்வளவு செலவுன்னு அடுத்த கேள்வி. அவங்களுக்குச் சொன்ன பதில்தான் இந்தப் பதிவு.

எங்க அப்பாயி மாத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்துல பிறந்தவங்க. அவங்களுக்கு முந்தின தலைமுறைகள் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து 'கண்டிச் சீமை'க்குப் போனவங்க. நான் கார்ல போகப் போற அந்த ரோட்டுல அவங்க நடந்து போனாங்க.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1815-ல் கண்டி ராஜ்யம் வெள்ளைக்காரன் கைக்கு வந்தது. அப்புறம் மலைக்காட்டை அழித்துக் காப்பி போட ஆரம்பித்தார்கள். சிங்கள விவசாயிக்குச் சொந்த வயல் இருந்தது, தோட்டக் கூலிக்கு வர அவருக்கு அவசியமில்லை. இந்தப் பக்கம் ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, திருநெல்வேலி, சேலம் ஜில்லாக்களில் பஞ்சமும் கடனும். கங்காணி ஊருக்கு வந்தார், முன்பணம் கொடுத்தார், ஆட்களைச் சேர்த்தார். தோணியில் ஏற்றி மன்னார் கரையில் இறக்கினார்கள். அங்கிருந்து நடை.

தலைமன்னாரிலிருந்து மாத்தளை சுமார் 240 கிலோமீட்டர். முதல் பாதி வறண்ட காடு. தண்ணீர் கிடைக்காது, கிடைத்தாலும் குளத்துத் தண்ணீர். காலரா, மலேரியா. விழுந்தவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். 1840-களில் அந்தப் பாதையில் செத்தவர்கள் எத்தனை பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள். யாரும் பேர் எழுதி வைக்கவில்லை, அதுதான் சண்டைக்கே காரணம். பிற்பாடு அரசாங்கம் வழியில் கிணறு வெட்டி, தங்கக் கொட்டகையும் ஆஸ்பத்திரியும் போட்டது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்க. காப்பிக்கு சீசன் உண்டு. அறுவடை முடிந்தால் பெரும்பாலானவர்கள் காசை முடிந்துகொண்டு அதே காட்டு வழியில் ஊருக்குத் திரும்பினார்கள். உயிரோடு இருந்தால் போய் வரலாம். 1869-ல் காப்பி இலையில் துரு நோய் வந்தது. அடுத்த இருபது வருஷத்துக்குள் காப்பி காலி. அந்த இடத்தில் தேயிலை வந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867-லேயே லூல்கந்துரையில் போட்டுப் பார்த்திருந்தார். தேயிலைக்குச் சீசன் இல்லை, வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்கணும். ஆணும் பெண்ணும் பிள்ளையுமாக லயன் அறைகளில் தங்கிவிட்டார்கள். ஊருக்குத் திரும்புற வழக்கம் குறைந்துபோனதுக்கு ஒரு செடி மாறியது பெரிய காரணம்.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்த நடைபாதையும் முடிவுக்கு வந்தது. கொள்ளைநோய் பயத்தில் ஆட்களைத் தூத்துக்குடி வழியாகக் கொழும்புக்கு அனுப்பினார்கள். 1904-ல் தோட்டத் துரைமார்கள் சேர்ந்து ஆள் சேர்ப்பதற்கென்று திருச்சியில் சிலோன் லேபர் கமிஷன் ஆபீஸ் திறந்தார்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி-தலைமன்னார் கப்பலும் ஓட ஆரம்பித்தது. மண்டபத்தில் முகாம் போட்டு, தடுத்து வைத்து, மருந்தடித்து, ஊசி போட்டு அனுப்பினார்கள்.

அந்தக் காலத்துல வந்ததுதான் தகர டிக்கெட். சின்ன வட்டத் தகடு. எந்த மாவட்டம், எந்தத் தோட்டம் என்று ஓர் எழுத்தும் எண்ணும் குத்தியிருக்கும். கயிறு கோத்துக் கழுத்தில் மாட்டிக்கணும். அதைக் காட்டினால் வழியெல்லாம் சோறும் ரயிலும் கப்பலும் கிடைக்கும். செலவெல்லாம் கடைசியில் அவர் கடன் கணக்கில் ஏறும். அப்பாயியோட தாத்தா அப்படிப் போனவர்தான். அந்தத் தகடு ரொம்ப நாள் வீட்டுப் பெட்டியில் கிடந்ததாம், சின்னப் பிள்ளைகள் பாண்டி விளையாடித் தொலைத்துவிட்டார்களாம்.

இப்ப என் கதைக்கு வருவோம். வெளிநாட்டில் வண்டி ஓட்ட இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் வேணும், சுருக்கமா ஐ.டி.பி. நம்ம ஊர்ல ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல படிவம் 4-ஏ, ஆயிரம் ரூபாய், பாஸ்போர்ட் நகல் கொடுத்தா ஒரு வருஷத்துக்குத் தர்றாங்க. இதுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஐரோப்பாவில் கார் வெச்சிருந்த பணக்காரங்க ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு உல்லாசமா ஓட்டிட்டுப் போனப்ப, ஒவ்வொரு எல்லையிலயும் உரிமம் தகராறு. அதைத் தீர்க்க 1926-ல் பாரிஸில் நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் போட்டன. பிறகு 1949-ல் ஜெனிவா ஒப்பந்தம். இந்தியா இன்னைக்கும் அந்த 1949 ஒப்பந்தப்படிதான் ஐ.டி.பி. தருது.

1926-னு படிச்சதும் எனக்குச் சுருக்குனு இருந்தது. 'இன்ன ஊர்க்காரர், இவரை நம்பலாம், எங்கே வேணும்னாலும் ஓட்டிக்கட்டும்'னு பாரிஸில் காகிதம் தயாரிச்ச அதே வருஷங்களில், எங்க ஆளுங்க மண்டபம் முகாமில் வரிசையில் நின்னுட்டிருந்தாங்க. இரண்டுமே எல்லை தாண்டக் கொடுத்த அடையாளம்தான். ஒண்ணுல பேரும் போட்டோவும் இருக்கு. இன்னொண்ணுல தோட்டத்து நம்பர் மட்டும்.

அந்தப் பேரில்லாத் தகட்டுக்கு விலை கொடுத்தது 1948-ல். சுதந்திர இலங்கை போட்ட முதல் சட்டங்களில் ஒன்று, 1948-ஆம் வருஷத்து 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம். இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. அப்பா இலங்கையில் பிறந்திருக்கணும், இல்லாவிட்டால் அப்பாவைப் பெற்ற தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் அங்கே பிறந்திருக்கணும். அதை நிரூபிக்கணும். அப்பாயியோட அப்பா பிறந்தது அந்தத் தோட்டத்து லயனில்தான். பிறப்புப் பத்திரம்? லயனில் பிறந்த பிள்ளைக்கு யார் பதிந்து வைத்தது? ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள்.

1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியா 5,25,000 பேரை எடுத்துக்கும், இலங்கை 3,00,000 பேரை வைத்துக்கொள்ளும், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம். அந்த மிச்சத்தையும் 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்தார்கள். குடும்பத்துக்குள்ளேயே அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று ஆனது. அப்பாயியோட தம்பிக்கு இலங்கைக் குடியுரிமை. அப்பாயிக்கும் தாத்தாவுக்கும் இந்திய பாஸ்போர்ட்டும் குடும்பக் கார்டும்.

1979-ல் கிளம்பினார்கள். அப்பாவுக்கு எட்டு வயசு. ரயிலை அங்கே 'கோச்சி' என்பார்கள். தாயகம் திரும்புகிறவர்களை ஏற்றிப் போன ரயிலுக்கு மலையகத்தில் ஒரு பெயர் உண்டு, 'அழுகைக் கோச்சி'. தலைமன்னாரில் 'ராமானுஜம்' கப்பல். சின்ன வயசுல அப்பாயி இந்தக் கதை சொல்லும்போதெல்லாம் அந்தக் கப்பல் நம்ம ஸ்ரீபெரும்புதூர் கோயிலுக்குச் சொந்தமானதுன்னே நினைச்சுட்டிருந்தேன் :-)

'தாயகம்'னு சொன்ன இடம் அப்பாயி அதுவரை பார்க்காத இடம். சிலருக்கு நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம், சிலருக்கு நூல் மில், பலருக்கு வியாபாரக் கடன். தெருவுக்குத் தெரு ரெப்கோ பேங்க் போர்டு பார்த்திருப்பீங்க. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தாயகம் திரும்பினவங்களுக்காக 1969-ல் ஆரம்பிச்ச பேங்க் அது. 'ரெப்'புக்கு அர்த்தமே அதுதான். எங்க தாத்தாவுக்குக் கிடைச்சது வியாபாரக் கடன். கொழுந்து எடுக்கவும் கவ்வாத்து வெட்டவும் தெரிஞ்ச மனுஷன் மளிகைக்கடை வெச்சார். ஒண்ணரை வருஷத்துல கடை போச்சு, கடன் நின்னுச்சு. அப்பா லாரியில் கிளீனரா ஏறி, ஓட்டப் பழகி, பெங்களூர் ரோட்டுல ஓட்டி ஓட்டிக் கடைசியில் ஸ்ரீபெரும்புதூரிலேயே தங்கிட்டார்.

காலையில ஆறு மணிக்கு எங்க கேட் வாசலில் வேன் வந்து நிக்கும். பீகார், ஒடிசா பசங்க, நம்ம தென்மாவட்டப் பசங்க எல்லாம் இறங்குவாங்க. கான்ட்ராக்டர் பேர் சொல்லித்தான் அவங்களைக் கூப்பிடுவாங்க, 'இன்னார் ஆளு'ன்னு. முன்பணம் வாங்கிட்டு வந்தவனும் உண்டு. கழுத்துல கார்டு தொங்கும். அதுல பேரும் போட்டோவும் இருக்கு, பி.எஃப். இருக்கு, லீவுக்கு ஊருக்குப் போய்த் திரும்பலாம். அதனால ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ல மாட்டேன். ஆனா இந்தக் கதையெல்லாம் படிச்சதுக்கு அப்புறம் 'இன்னார் ஆளு'ன்னு கூப்பிட வாய் வரல. பேர் கேட்டு வெச்சுக்கறேன். பதினேழு பேர் பேர் மனப்பாடம்.

சரி, பிளானுக்கு வருவோம். இலங்கையிலும் நம்ம மாதிரியே இடது பக்க ஓட்டம், ரெண்டு ஊர்லயும் ஒரே வெள்ளைக்காரன் போட்ட ரூல். போர்டெல்லாம் தமிழிலும் இருக்கும். ஊருக்குள்ளே 50, வெளியே 70-க்கு மேல போகக்கூடாது. ஒரகடம் ரோட்டுல டிரெய்லர் லாரிகளுக்கு நடுவுல ஓட்டினவனுக்கு அதுதான் கஷ்டம்! நம்ம ஐ.டி.பி.யை மட்டும் நீட்டினா போதாது, அங்கே ஒப்புதல் வாங்கணும் அல்லது தற்காலிக உரிமம் எடுக்கணும். 2025 ஆகஸ்டில் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே அதுக்கு ஒரு கவுன்ட்டர் திறந்துட்டாங்க. வறண்ட காட்டுப் பகுதியில் இருட்டினதுக்கு அப்புறம் ஓட்டறதில்லைன்னு முடிவு, யானை வரும். தலைமன்னார்லேர்ந்து மாத்தளைக்கு மேப் காட்டறது சுமார் அஞ்சு மணி நேரம். நான் ரெண்டு நாளா பிரிச்சிருக்கேன். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் முடிக்கணும். அப்புறம் அப்பாயியோட தம்பி குடும்பம்.

2023-ல் மலையக மக்கள் தங்களோட 200-வது வருஷத்தை நினைச்சு இதே வழியில் நடந்தாங்க. ஜூலை 28-ல் தலைமன்னாரில் கிளம்பி ஆகஸ்ட் 12-ல் மாத்தளையில் முடிச்சாங்க. பதினாறு நாள். அந்தப் படங்களைப் பார்த்தப்பதான் எனக்கும் இந்த யோசனை வந்தது. நடக்க லீவு கிடைக்காது, ஓட்டியாவது பார்க்கலாமேன்னு.

அப்பாயியைக் கூப்பிட்டேன். எண்பது வயசு, ஆனா உடம்புக்கு ஒண்ணும் இல்லை. வர மாட்டேன்னுட்டாங்க. ரொம்ப வற்புறுத்தினப்ப, "என்னை அங்கேர்ந்து அனுப்பும்போது திரும்பி வர டிக்கெட்டு குடுக்கலய்யா"ன்னு மட்டும் சொன்னாங்க. அதுக்கு மேல நான் பேசல.

போன வாரம் ஐ.டி.பி. வந்ததும் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. என் போட்டோவைப் பார்த்து, "பேரெல்லாம் ஒழுங்கா போட்டிருக்கானா?"ன்னு கேட்டாங்க. போட்டிருக்கு அப்பாயின்னேன். "திரும்பி வர்ற டிக்கெட்டு?" அதையும் போன்ல எடுத்துக் காட்டினேன். தேதியைப் படிக்கச் சொன்னாங்க. படிச்சேன். "சரி, தம்பி வீட்டுக்கு என்ன வாங்கிட்டுப் போற?"ன்னு அடுத்த விஷயத்துக்குப் போயிட்டாங்க.

உங்க வீட்டுலயும் யாராவது கண்டிச் சீமைக்குப் போய் வந்த கதை இருக்கும். பெருசுங்க இருக்கும்போதே கேட்டு எழுதி வெச்சுடுங்க மக்களே. முக்கியமா பேர்களை.

டிஸ்கி: இலங்கையில் ஓட்டின அனுபவம் இருக்கிறவங்க, மன்னார்-மதவாச்சி நடுவுல நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்னு சொன்னா புண்ணியமாப் போகும். தங்கமணிக்கு வரலாறெல்லாம் ஓகே, பசி மட்டும் ஆகாது :-)