பாயின்மேல் அடங்கிய சினம்

இசை பயிலும் இருவரிடையே பிணக்குத் தோன்றினால் சுருதி கெடும், அவ்வளவே. போர்க்கலை பயிலும் இருவரிடையே பிணக்குத் தோன்றினாலோ எலும்பு முறியும். ஒரோவழி உயிருக்கும் ஊறு விளையும். போர்க்களத்திலே பகைவன்மீது சினம் எழுதல் இயல்பு. ஆனால், பயிற்சிக்கூடத்திலே எதிரே நிற்பவன் பகைவன் அல்லன். தன் கையையும் கழுத்தையும் நம்பிக்கையோடு ஒப்படைத்து, 'என்னை வீழ்த்திப் பழகிக்கொள்' என்று நிற்கும் தோழன் அவன். அவன் சற்றே வலிந்து பிடித்தான் என்பதற்காகவோ, பலர் காணத் தன்னை வீழ்த்தினான் என்பதற்காகவோ உள்ளம் கொதித்தெழுமாயின், அக்கணமே பயிற்சி சண்டையாகிவிடுகிறது. கற்ற பிடி ஒவ்வொன்றும் கொடுங்கருவியாகிவிடுகிறது.

போர்க்கலை வழங்கும் நாடுகளிலெல்லாம் ஆசிரியர்களை வருத்திவந்த சிக்கல் இது. 'சினம் கொள்ளாதே' என்று அறிவுரை கூறுதல் எளிது. வியர்வை வழிய, மூச்சு வாங்க, வீழ்ந்த நோவோடு எழுந்து நிற்கும் இளைஞனின் காதில் அவ்வறிவுரை ஏறுதல் அரிது. இதனை நன்குணர்ந்து, அறிவுரையை மட்டும் நம்பாது, சினம் எளிதில் தலையெடுக்காதபடி பயிற்சி முறையையே திருத்தியமைத்த ஒருவர் யப்பான் தேசத்திலே தோன்றினார். ஜூடோ என்னும் கலையை வகுத்தவராகிய கானோ ஜிகோரோ என்பவரே அவர்.

அவர் வாழ்ந்த காலத்தை முதலில் நோக்குதல் வேண்டும். 1868ஆம் ஆண்டில் யப்பானில் பழைய ஆட்சி வீழ்ந்து, மெய்ஜி மன்னரின் புதிய ஆட்சி மலர்ந்தது. வாளேந்திய சாமுராய் வகுப்பினரின் செல்வாக்கு மங்கலாயிற்று. 1876இல் பொதுமக்கள் வாள் தரித்தல் ஆணையால் தடுக்கப்பட்டது. மேனாட்டுக் கல்வியையும் மேனாட்டு உடையையும் நாடிய மக்கள், முன்னோரின் போர்க்கலைகளைப் பழங்குப்பை என ஒதுக்கினர். அவ்வாறு ஒதுக்கப்பட்டவற்றுள் ஒன்று ஜுஜுத்சு. பெரும்பாலும் ஆயுதமின்றி எதிரியை வீழ்த்துதல், மூட்டை மடக்குதல், கழுத்தை நெரித்தல் ஆகிய உத்திகளைக் கொண்ட கலை அது. அதனைக் கற்பித்த ஆசிரியர் பலர் மாணாக்கரின்றி வாடினர். எலும்பை முறிக்கும் வழியறிந்த அவர்களுள் பலர், முறிந்த எலும்பைப் பொருத்தும் வைத்தியராகிக் காலங்கழித்தனர் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. முரடர் பயிலும் வித்தை என்ற அவப்பெயரும் அக்கலையைச் சூழ்ந்துகொண்டது.

கானோ 1860ஆம் ஆண்டிலே, கோபே நகருக்கு அண்மையிலுள்ள மிக்காகே என்னும் ஊரில் வசதி படைத்த குடும்பம் ஒன்றிற் பிறந்தவர். இளமையிலேயே தோக்கியோவுக்கு வந்து ஆங்கிலமும் பிற கல்வியும் பயின்றார். படிப்பிலே வல்லவர், உடலிலோ மெலிந்தவர், குள்ளமானவர். விடுதிப் பள்ளியிலே வலிய மாணவர்கள் அவரை ஓயாது துன்புறுத்தினர். அத்தோடு அவர் முன்கோபியுமாவார். எளிதிற் கொதித்தெழும் இயல்பு தமக்கு இருந்ததென்று பிற்காலத்தில் தம் நினைவுகளை எழுதியபோது அவரே ஒப்புக்கொண்டார். மெலிந்த உடலும் கடுஞ்சினமும் ஓரிடத்திற் சேர்ந்தால் அவ்விளைஞன் படும் பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ? வலியோரை எதிர்க்கும் வழி தேடிய கானோ, எலும்பு வைத்தியர்களை நாடிச் சென்று ஜுஜுத்சு ஆசிரியர் எவரேனும் உளரோ என வினவினார். அவ்வாறு தேடி, 1877இல் ஃபுக்குடா ஹச்சினோசுக்கே என்னும் ஆசிரியரிடம் மாணாக்கராகச் சேர்ந்தார்.

அங்கே விளக்கம் குறைவு, வீழ்ச்சி மிகுதி. 'இவ்வுத்தியை எவ்வாறு செய்வது?' என்று கானோ கேட்டால், ஆசிரியர் அவரை அருகழைத்துத் தூக்கி எறிவார். மீண்டும் கேட்டால் மீண்டும் எறிவார். உடலெங்கும் காயமுற்ற கானோ, நாற்றம் வீசும் மருந்தைப் பூசிக்கொண்டு கல்லூரிக்குச் செல்வார். சக மாணவர்கள் எள்ளி நகையாடுவர்.

அப்பயிற்சிக்கூடத்திலே ஃபுக்குஷிமா என்றொருவர் இருந்தார். உடற்பருமனும் வலிமையும் மிக்கவர். கானோ எத்துணை முயன்றும் அவரை அசைக்க இயலவில்லை. நாடோறும் தோல்வியே கிட்டியது. முன்கோபியான இளைஞன் ஒருவனுக்கு இதனினும் கொடிய சோதனை வேறில்லை. இத்தகைய நிலையிலேயே பயிற்சித் தோழர்கள் பகைவராவர். விதியை மீறிக் கண்ணிலோ விரலிலோ ஊறு செய்யத் துணிவர். கானோ அவ்வழியிற் செல்லவில்லை. சூமோ மல்லர் ஒருவரை நாடி அவர்தம் உத்திகளைக் கற்றுப் பார்த்தார், பயனில்லை. பின்னர் நூலகஞ் சென்று, மேனாட்டு மற்போர் பற்றிய நூல்களைப் புரட்டினார். எதிராளியின் கால்களுக்கிடையே கையைச் செலுத்தி, அவரைத் தோள்மேற் சுமந்து அப்பால் வீழ்த்தும் உத்தியொன்றை அங்கே கண்டார். அதனைத் தம் நண்பர்களோடு பழகித் தேர்ந்தபின் ஃபுக்குஷிமாவை எதிர்கொண்டார். இம்முறை பாயின்மேற் கிடந்தவர் ஃபுக்குஷிமா. இன்றும் ஜூடோவிலே 'தோட்சக்கரம்' எனப் பொருள்படும் கத்தாகுருமா என்ற பெயரால் அவ்வுத்தி வழங்குகிறது. தோல்வி மூட்டிய வெப்பம் அங்கே கைக்கு ஏறவில்லை, அறிவுக்கு ஏறியது. வலிய தோழன் இல்லாதிருந்தால் அவ்வுத்தியைத் தேடவே வேண்டியிருந்திராது.

ஃபுக்குடா 1879இல் மறைந்தார். அடுத்து வாய்த்த ஆசிரியரும் 1881இல் காலமானார். பின்னர் ஈக்குபோ என்பவரிடம் கித்தோ மரபிலான ஜுஜுத்சுவைக் கானோ பயின்றார். ஈக்குபோ ஐம்பதை அண்மித்த வயதினராயினும், வீழ்த்தும் கலையில் இணையற்றவர். அவரிடம் கானோ எப்போதும் வீழ்ந்தே வந்தார். ஒருநாள் நிலைமை தலைகீழாயிற்று. கானோ வீழ்த்த, ஆசிரியர் விழுந்தார். மீண்டும் மீண்டும் விழுந்தார். ஈக்குபோ சினக்கவில்லை, 'இது எவ்வாறு நிகழ்ந்தது?' என்று கேட்டார். எதிராளி தள்ளும்போதும் இழுக்கும்போதும் அவர் உடலின் சமநிலை குலையும் கணத்தை அறிந்து, அக்கணத்திலேயே உத்தியைக் கையாளுவதாகக் கானோ விளக்கினார். அதனைக் கேட்ட ஆசிரியர், இனித் தாம் கற்பிக்க எதுவுமில்லை என ஒப்புக்கொண்டார். மாணாக்கனிடம் வீழ்ந்தபோதும் மனங்கோணாத அந்த முதியவரின் பண்பு, ஆயிரம் அறிவுரைகளுக்கு ஈடானது.

இதற்கிடையில், 1882ஆம் ஆண்டிலே, தோக்கியோவில் எய்ஷோஜி என்னும் பௌத்த ஆலயத்திலே கானோ தம் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கியிருந்தார். 12 பாய்கள் விரிக்கத்தக்க இடம். முதலாண்டில் 9 மாணாக்கர். 'நெறியைக் கற்கும் மண்டபம்' எனப் பொருள்படும் கோடோகன் என்ற பெயரை அதற்குச் சூட்டினார். இளைஞர் விழும் வேகத்தில் ஆலயத்தின் தரைப்பலகைகள் முறிந்தன. இறந்தோர் பெயர் பொறித்த நினைவுப் பலகைகள் அதிர்ச்சியால் உருண்டு விழுந்தன. ஆலயத்துத் துறவியின் மனக்குறையைத் தீர்க்க, கானோ விளக்கேந்தித் தரையின் கீழே தவழ்ந்து சென்று முறிந்தவற்றைச் செப்பனிட்டார் என்பர்.

கலையின் பெயரையும் அவர் மாற்றினார். ஜுஜுத்சு என்பதில் உள்ள 'ஜுத்சு' வித்தையைக் குறிக்கும். ஜூடோ என்பதில் உள்ள 'டோ' நெறியைக் குறிக்கும். பெயர் மாற்றத்தோடு அவர் நின்றாரல்லர். கண்ணைக் குத்துதல், அடித்தல், உதைத்தல் முதலிய ஆபத்தான உத்திகளைத் தடையற்ற பயிற்சியினின்றும் விலக்கினார். அவற்றை முன்கூட்டியே வரையறுத்த ஒழுங்கில், இருவரும் உடன்பட்டுச் செய்யும் 'கத்தா' என்னும் பகுதியில் மட்டும் பயிலச் செய்தார். இருவரும் முழு வலிமையோடு, முன்னேற்பாடின்றி முயலும் 'ரந்தோரி' என்னும் பகுதியிலே, ஊறின்றி வீழ்த்தத்தக்க உத்திகளே இடம்பெற்றன. ஒருவன் தன்னை மறந்து சினந்தாலும், அச்சினத்தின் கையிலே கொடிய கருவி கிட்டாதபடி செய்த ஏற்பாடு இது.

எஞ்சிய வழக்கங்களும் இந்நோக்குக்கே துணைநின்றன. வீழ்த்தக் கற்குமுன் விழக் கற்றல் வேண்டும். விழ அறிந்தவனுக்கு அச்சம் குறையும். அச்சம் குறைந்தவனுக்குச் சினமும் குறையும். வீழ்த்துபவன், விழுபவனின் சட்டைக் கையை விடாது பற்றி, அவன் தலை தரையில் மோதாதபடி தாங்குதல் வேண்டும். பிடியில் அகப்பட்டவன் கையால் இருமுறை தட்டினால், அக்கணமே பிடியை விடுதல் வேண்டும். ஒரு நொடி தாழ்த்தினாலும் அது இழுக்கு. உத்தி பயிலும்போது செய்பவன், ஏற்பவன் என இருவரும் முறை மாறுவர். இப்போது வீழ்த்தியவன் அடுத்து விழவேண்டியவனாதலின், கை தானாகவே மென்மையடைகிறது. தொடக்கத்திலும் முடிவிலும் ஒருவர்க்கொருவர் தலைவணங்குவர். உள்ளத்தில் எஞ்சிய கசப்பு யாதாயினும், அதனைப் பாயின்மேலேயே விட்டுச் செல்வதற்குரிய வாயில் அவ்வணக்கம்.

இவற்றினும் ஆழமானது, சினத்தைப் பற்றி அவர் கொண்ட கருத்தாகும். சினம் பாவம் என்று அவர் மிரட்டவில்லை. சினம் வீண்செலவு என்று காட்டினார். சினந்தவன் விறைத்த தோளோடு முன்னே பாய்கிறான். பாயும்போது சமநிலையை இழக்கிறான். இழந்த கணத்தே அமைதியானவனிடம் வீழ்கிறான். பாயின்மேல் இவ்வுண்மையை எவரும் வாயாற் கூறவேண்டியதில்லை; முதுகு தரையிற் படும்போது உடலே உணர்த்திவிடும். 1932இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒலிம்பிக் விழா நடைபெற்ற காலத்தே, தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கானோ உரையாற்றினார். சிறு காரணத்துக்கும் கொதித்தெழுவோர், தம் ஆற்றலை எவருக்கும் பயனின்றிச் செலவிட்டுத் தமக்கும் பிறர்க்கும் தீங்கு தேடுகின்றனர் என்பதைப் பயிற்சியால் உணர்வர் எனும் கருத்தை அங்கே அவர் விளக்கினார். முன்கோபியாயிருந்த தாமே பயிற்சியால் அடக்கம் பெற்றவராதலின், அது ஏட்டறிவன்று, பட்டறிவு.

1922இல் அவர் தம் கொள்கையை இரு தொடர்களில் அடக்கினார். ஆற்றலை நன்முறையில் முழுப்பயன்பட வழங்குக என்பது ஒன்று. தானும் பிறரும் ஒருங்கே வாழ்க என்பது மற்றொன்று. இரண்டாவது தொடரின் பிறப்பிடத்தைப் பெருநூல்களில் தேடவேண்டுவதில்லை. பயிற்சித் தோழன் காயமுற்று வீட்டிலிருந்தால், நாளை எவரோடு பயில்வது? அவன் வளர்ந்தாலன்றித் தன் திறமும் வளராது. பாயின்மேல் தெளிவாகும் இவ்வுண்மை சமுதாயத்துக்கும் பொருந்தும் என்பதே கானோ கண்ட நெறி.

இந்நெறியை ஏற்றோர் யாவரும் அவ்வாறே ஒழுகினர் எனக் கூறுதல் மிகையாகும். கலை பரவப் பரவப் போட்டிகள் பெருகின. வெற்றியொன்றையே குறியாகக் கொண்டு வலிமையை மட்டும் நம்பியோரும் பெருகினர். கானோவே தம் முதுமையில் இதுகுறித்து வருந்தினார். விதிகள் சினத்தை வேரோடு களையமாட்டா; அதற்கு ஒரு கரை கட்டும். அக்கரையைக் காப்பது அன்றன்று பாயில் இறங்கும் இருவரின் பொறுப்பு.

1909இலே, ஆசியாவிலிருந்து சர்வதேச ஒலிம்பிக் குழுவில் இடம்பெற்ற முதல்வரானார் கானோ. கெய்ரோவில் நடைபெற்ற அக்குழுவின் கூட்டத்தை முடித்துத் தாயகம் திரும்புகையில், 1938 மே 4ஆம் நாள் கப்பலிலேயே உயிர் நீத்தார். ஜூடோ ஒலிம்பிக் அரங்கேறியதை அவர் காணவில்லை. 1964இல் தோக்கியோவில் அது முதன்முதலாக இடம்பெற்றது. எடைப் பிரிவு வரையறையற்ற போட்டியின் இறுதியில், யப்பானியரான கமினாகாவை ஒல்லாந்தரான அந்தோன் ஹேசிங்க் மடக்கிப் பிடித்து வென்றார். தம் கலையிலே தம் மண்ணிலே நேர்ந்த தோல்வி கண்டு அரங்கிலிருந்த யப்பானியர் திகைத்திருக்க, ஒல்லாந்து ஆதரவாளர்கள் களிப்பு மிகுதியால் பாயை நோக்கி ஓடிவந்தனர். ஹேசிங்க் கையை உயர்த்தி அவர்களைத் தடுத்து நிறுத்தினார். தோற்றவரோடு வணக்கம் பரிமாறும்வரை அப்பாய் அவ்விருவருக்கே உரியதன்றோ?

சினத்தைப் போலவே வெற்றிக் களிப்பும் எல்லை கடக்கும் உணர்ச்சிதான். அதனையும் ஓர் உயர்த்திய கை அன்று அடக்கியது. எய்ஷோஜி ஆலயத்தில் 12 பாய்களின்மேல் தொடங்கிய பாடத்தை, கடல் கடந்த நாட்டு மாணாக்கர் ஒருவர் அக்கலை பிறந்த நகருக்கே திரும்பக் கொணர்ந்து காட்டினார்.