பெரிய பக்கமும் சின்ன வாசலும்: சேமிக்கும்போது வரும் சர்வர் பிழையின் வரலாறு

நீளமான கட்டுரை ஒன்றை இணையதளத்தில் தட்டச்சு செய்து "சேமி" பொத்தானை அழுத்தினால், சில சமயம் பதிலுக்கு ஒரு எண் மட்டும் வந்து நிற்கும். 500, 413 அல்லது 504. அதே தளத்தில் சின்னப் பக்கங்கள் எல்லாம் ஒழுங்காகச் சேமிக்கப்படும். பெரிய பக்கத்துக்கு மட்டும் ஏன் இந்தக் கதி?

தட்டச்சு செய்த பக்கம் நேராகத் தரவுத்தளத்துக்குப் போய்விடுவதில்லை. உலாவி, ஃபயர்வால், வலை சர்வர், நிரல்மொழி என்று பல வாசல்களைத் தாண்டித்தான் அங்கே போகிறது. ஒவ்வொரு வாசலிலும் ஓர் அளவுகோல் இருக்கிறது. இவற்றை யாரும் ஒன்றாக உட்கார்ந்து திட்டமிடவில்லை. வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு காரணங்களுக்காக வைத்தவை இவை.

எண்கள் வந்த கதை

1996 மே மாதம் எச்.டி.டி.பி 1.0 ஆவணம் வெளியானது. 500, 502, 503 ஆகிய எண்கள் அதிலேயே இருந்தன. ஆனால் "அனுப்பியது பெரிதாக இருக்கிறது" என்று சொல்ல ஓர் எண் இல்லை! 1997 ஜனவரியில் வந்த 1.1 ஆவணத்தில்தான் 413-உம் 504-உம் சேர்ந்தன.

இந்த எண்களுக்கு வேறு வேறு பொருள் உண்டு. 413 என்றால், ஏதோ ஒரு வாசல் அளவைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டது. 504 என்றால், முன்னால் நிற்கும் சர்வர் பின்னால் இருப்பதன் பதிலுக்குக் காத்திருந்து நேரம் கடந்துவிட்டது. 500 என்றால் உள்ளே ஏதோ உடைந்தது, அவ்வளவுதான். என்ன உடைந்தது என்று சர்வரின் பிழைப் பதிவேட்டில்தான் தெரியும்.

வாசல்கள்

முதல் வாசல் உலாவி. பழைய உலாவிகள் சிலவற்றில் எழுதும் பெட்டிக்குள் 32 கிலோபைட்டுக்கு மேல் திருத்துவது சிரமமாக இருந்தது. அதனால் அந்த அளவைத் தாண்டிய பக்கங்களில் விக்கிப்பீடியா எச்சரிக்கை காட்டி வந்தது. பின்னாளில் அங்கே எல்லை 2 மெகாபைட் ஆனது.

அடுத்தது பி.எச்.பி. 1995-இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட இந்த மொழி, ஒரே சர்வரில் பல தளங்கள் குடியிருக்கும் இடங்களில் வேகமாகப் பரவியது. ஒரு தளம் எல்லாவற்றையும் விழுங்கிவிடக் கூடாதல்லவா? அதனால் இயல்பு அமைப்பில் நிரல் ஓட 30 வினாடி, படிவத்துக்கு 8 மெகாபைட் என்று வரம்பு வந்தது. நினைவகத்துக்கான வரம்பும் ஆரம்பத்தில் 8 மெகாபைட்தான். 2006-இல் வந்த 5.2 பதிப்பில் அது 16 ஆகி, பிறகு 128 ஆனது. பக்கத்தை அலசும்போது அதன் பல நகல்கள் நினைவகத்தில் உருவாகும். அதனால் சிறிய கோப்பாகத் தெரிவதுகூட வரம்பை முட்டி, 500 பிழையோ வெற்றுப் பக்கமோ தரலாம்.

தாக்குதல்கள் பெருகியபோது ஃபயர்வால்கள் வந்தன. 2002-இல் தொடங்கிய மாட்செக்யூரிட்டியின் பரிந்துரை அமைப்பில், கோப்பு இல்லாத படிவத்துக்கு வரம்பு 1,31,072 பைட். 2004-இல் வெளியான எஞ்சின்எக்ஸ் சர்வர் இயல்பாக 1 மெகாபைட் வரைதான் ஏற்கும்.

தமிழுக்கு ஏன் சீக்கிரம் முட்டுகிறது?

இந்த வரம்புகள் எல்லாம் எழுத்தை எண்ணுவதில்லை, பைட்டை எண்ணுகின்றன. 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் உருவாக்கிய யூ.டி.எஃப்-8 முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும்.

"தமிழ்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். கண்ணுக்கு 3 எழுத்து. கணினிக்கு த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என 5 குறியீடு. ஆக 15 பைட். கதை இங்கே முடியவில்லை. சாதாரணப் படிவம் அனுப்பும்போது இந்தப் பைட் ஒவ்வொன்றும் சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக மாறும். அப்போது அது 45 பைட்! முகவரிகளுக்காக வகுத்த பழைய முறை இது. கோப்புகளை அனுப்புவதற்காக 1995 நவம்பரில் முன்வைக்கப்பட்ட இன்னொரு படிவ முறையில் இந்தப் பெருக்கம் இல்லை.

கணக்குப் போட்டால், மேலே சொன்ன ஃபயர்வால் ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஆங்கில எழுத்துகளை விட்டுவிடும். தமிழ்க் கட்டுரையையோ ஏறத்தாழ 15,000 குறியீடுகளிலேயே தடுத்துவிடும். தமிழில் விரிவாக எழுதுபவர்கள் இந்தப் பிழையை அடிக்கடி சந்திப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் எழுதியதை நகலெடுத்து வேறு கோப்பில் வைக்க வேண்டும். பிறகு பாதிப் பக்கத்தை மட்டும் சேமித்துப் பார்க்கலாம். முதல் பாதியும் இரண்டாம் பாதியும் தனித்தனியே சேமிக்கப்பட்டால் சிக்கல் அளவில்தான். ஒரு பாதி மட்டும் மறுக்கப்பட்டால் அதிலுள்ள ஏதோ ஒரு வரியை ஃபயர்வால் சந்தேகிக்கிறது. பிழை உடனே வந்தால் அளவு வரம்பையும், சரியாக 30 அல்லது 60 வினாடிக்குப் பின் வந்தால் நேர வரம்பையும் பார்க்க வேண்டும். பதிவேட்டைப் படித்து, தடுத்த அந்த ஒரு வரம்பை மட்டும் உயர்த்தினால் போதும். எல்லாவற்றையும் தளர்த்தினால் அவை எதற்காக வந்தனவோ அந்த ஆபத்தும் திரும்பி வரும்.

சத்தமில்லாத வாசல்

கடைசி வாசல் தரவுத்தளம். மைஎஸ்கியூஎல்லில் "டெக்ஸ்ட்" வகைப் புலம் 65,535 பைட் வரைதான் கொள்ளும். தமிழில் அது 21,845 குறியீடு. பழைய பதிப்புகள் இயல்பு நிலையில் மிச்சத்தை வெட்டிவிட்டு "சேமித்தாயிற்று" என்றே சொல்லின. நிரல் கவனித்தால் ஒழிய அந்த எச்சரிக்கை எழுதியவர் கண்ணில் படாது. 2015-இல் வந்த 5.7 பதிப்பில்தான் இதைப் பிழையாகக் காட்டுவது இயல்பு நிலையானது.

பிழை எண் எரிச்சலூட்டினாலும், பக்கம் சேரவில்லை என்ற உண்மையையாவது சொல்லிவிடுகிறது. வெட்டிவிட்டு வெற்றி என்று சொல்லும் சர்வரிடம் அதுகூடக் கிடைக்காது. ஆகவே பெரிய பக்கத்தைச் சேமித்தபின் பார்க்க வேண்டியது தலைப்பை அல்ல, கடைசி வரியை.