கன்று வீசிய மாட்டை விற்பதற்கு முன்: புருசெல்லோசிஸ் பற்றி வளர்ப்பவரும் வாங்குபவரும் அறிய வேண்டியவை

சினைப்பசு ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு கன்றை வீசிவிட்டால் வீட்டில் சொல்லப்படும் காரணங்கள் பல. மற்ற மாடு முட்டியிருக்கும், வழுக்கி விழுந்திருக்கும், கண்ணூறு பட்டிருக்கும். இவற்றில் ஏதாவது ஒன்று சரியாகவும் இருக்கலாம். ஆனால் புருசெல்லோசிஸ் என்ற தொற்றுநோயும் இப்படித்தான் தன்னைக் காட்டும். அதைச் சோதித்துப் பார்க்காமல் மாட்டை அடுத்த வாரமே தரகரிடம் கொடுப்பது எமது பகுதிகளில் சாதாரணமாகிவிட்டது.

இந்நோயின் சூழ்ச்சி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தொற்றிய பசு பெரும்பாலும் ஒரு தடவைதான் கன்றை வீசும். அடுத்த ஈற்றில் நிறைமாதக் கன்றை ஈனும், பாலும் கறக்கும், தோற்றத்தில் ஒரு குறையும் இராது. கிருமி மட்டும் மடியிலும் நிணநீர்ச் சுரப்பிகளிலும் தங்கியிருந்து பாலிலும் ஈற்று நீரிலும் வெளியேறிக்கொண்டே இருக்கும். புதிதாக வாங்கியவர் நல்ல மாடு கிடைத்ததென்று நினைப்பார்.

மோல்டா தீவில் நடந்ததும் இதுதான். அங்கிருந்த பிரித்தானியப் படையினர் வாரக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சலால் அவதிப்பட்டனர். 1887இல் டேவிட் புரூஸ் என்ற இராணுவ வைத்தியர், இறந்தவர்களின் மண்ணீரலிலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்தார். அது எங்கிருந்து வருகிறது என்பது மேலும் பதினெட்டு ஆண்டுகளுக்குத் தெரியவில்லை. 1905இல் மோல்டாவைச் சேர்ந்த வைத்தியர் தெமிஸ்தோக்கிளிஸ் சம்மித் ஆடுகளின் இரத்தத்தைச் சோதித்தபோது விடை கிடைத்தது. தெருத்தெருவாக ஓட்டிச் சென்று வாசலில் வைத்தே பால் கறந்து கொடுத்த, பார்வைக்கு ஆரோக்கியமான ஆடுகளே காரணம். படையினருக்கு ஆட்டுப்பால் கொடுப்பதை 1906இல் நிறுத்தியதும் அவர்களிடையே காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. மாடுகளில் கருச்சிதைவை உண்டாக்கும் இதே குடும்பக் கிருமியை டென்மார்க்கின் பேர்னாட் பாங் 1897இலேயே கண்டிருந்தார்.

இலங்கையில் 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், சோதிக்கப்பட்ட மாடுகளிலும் எருமைகளிலும் நூற்றுக்கு நான்கு அல்லது ஐந்தில் இத்தொற்றின் அடையாளம் இருந்தது. ஒரு பட்டியில் புகுந்தால் பெருகும் நோய் என்பதால் அந்த எண்ணிக்கையைச் சிறிதென்று தள்ளிவிட முடியாது.

கீரிமலையை எடுத்துக்கொள்வோம். 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேறியபோது கால்நடைகளும் கைவிட்டுப் போயின. அதே ஆண்டு ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கும் இந்த இழப்பு புதிதல்ல. யுத்தத்திற்குப் பின் மீளக்குடியேறியவர்கள் ஆட்டையும் மாட்டையும் வைத்தே மறுபடி வாழ்க்கையைத் தொடங்கினர். சிலருக்கு வாழ்வாதார உதவியாகக் கிடைத்தன, சிலர் கடன்பட்டு வாங்கினர். பல ஊர்களிலிருந்து வந்த பிராணிகள் ஒரே மேய்ச்சல் தரையில் கலந்தன. யாரோ ஒருவர் மறைத்து விற்ற மாடு இப்படித்தான் ஒரு கிராமத்துக்குள் வந்து சேரும்.

யாழ்ப்பாணத்தில் பசு ஈன்றதும் இளங்கொடியைச் சாக்கிலோ ஓலைப்பையிலோ கட்டி ஆலமரத்தில் தொங்கவிடும் வழக்கம் உண்டு. பால் பெருகும் என்ற நம்பிக்கை அது. நாய் இழுத்துச் செல்லாமல் உயரத்தில் வைத்த அளவில் அதில் ஒரு புத்தியும் இருக்கிறது. ஆனால் தொற்றிய பசுவின் உடலில் கிருமி மிக அதிகமாக இருப்பது இளங்கொடியில்தான். அதை வெறுங்கையால் எடுப்பவருக்கே முதல் ஆபத்து. காகம் கொத்தி அடுத்த வளவில் போட்டால் அங்குள்ள மாட்டுக்கும் ஆபத்து. கையுறை இல்லையென்றால் பொலித்தீன் பையைக் கையில் சுற்றியாவது எடுத்து, சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்க வேண்டும். கீரிமலைப் பக்கம் சில அடி தோண்டியதும் சுண்ணக்கல் தட்டுப்படும், அதன் வெடிப்புகளூடாக நீர் விரைவாக இறங்கும். ஆகவே கிணற்றிலிருந்து நன்றாகத் தள்ளி, மண் ஆழமான இடம் பார்க்க வேண்டும். அப்படி இடமில்லையென்றால் எரித்துவிடுவதே நல்லது. வீசிய கன்றுக்கும் இதுவே முறை.

கன்று வீசிய பசுவைக் கட்டி வைத்துவிட்டு, கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள். ஒரு துளி இரத்தநீருடன் றோஸ் பெங்கால் என்ற இளஞ்சிவப்புத் திரவத்தைக் கலந்தால், தொற்று இருப்பின் சில நிமிடங்களில் திரள் திரளாகும். பட்டி முழுவதையும் பார்க்கப் பாலில் செய்யும் வளையச் சோதனை உண்டு. இவை முதற்கட்டச் சோதனைகளே, ஆய்வுகூடம் உறுதிப்படுத்த வேண்டும். கன்று வீசிய உடனே எடுத்த இரத்தம் சில வேளை தொற்றில்லை என்று காட்டும், இரண்டு மூன்று வாரங்களில் மறுபடி எடுக்க வேண்டும். மாட்டுக்கு இதற்கான சிகிச்சை நடைமுறையில் இல்லை. இருப்பது தடுப்பு மட்டுமே: மூன்று முதல் எட்டு மாத வயதுள்ள நாகு கன்றுகளுக்கு எஸ்19 தடுப்பூசி. அது உயிருள்ள கிருமி ஊசி என்பதால் கால்நடை வைத்தியர்களே போட வேண்டும். பல பசுக்களுக்கு விடப்படும் நாம்பனையும் சோதிக்க வேண்டும்.

உழ்ஹிய்யாவுக்குப் பிராணி வாங்கும்போது நொண்டி, குருடு, மெலிவு, வெளிப்படையான நோய் ஆகியவற்றைப் பார்க்கிறோம். இந்த நோய் அந்தப் பார்வைக்குத் தப்பிவிடும். நன்கு வேகவைத்த இறைச்சியால் ஆபத்தில்லை. ஆபத்து அறுப்பவருக்கும் உரிப்பவருக்கும்தான். கையில் வெட்டுக்காயத்துடன் கருப்பையையும் மடியையும் தொடுவது, இரத்தம் கண்ணில் தெறிப்பது, இரண்டும் தொற்றும் வழிகள். பெருநாள் காலையில் பழக்கமில்லாத இளைஞர்களை இந்த வேலைக்கு விடும் பள்ளிவாசல் நிர்வாகங்கள் கையுறைக்கும் சவர்க்காரத்துக்கும் கொஞ்சம் செலவழிக்கலாம்.

விற்பனை விடயத்தில் எமக்கு மார்க்கத்தின் சட்டமும் இருக்கிறது. பொருளின் குறையை மறைத்து விற்பது ஹலாலான வியாபாரமல்ல. நோயுற்ற ஒட்டகங்களை ஆரோக்கியமானவற்றுடன் கலக்க வேண்டாமென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதையும் அறிவோம். “இந்த மாடு கன்று வீசியதா?” என்று வாங்குபவர் கேட்க வேண்டும். அவர் கேட்காவிட்டாலும் விற்பவர் சொல்ல வேண்டும்.

மனிதருக்கு வந்தால் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டு வலி, இடுப்பு வலி, களைப்பு ஆகியன தெரியும். ஆண்களில் சிலருக்கு விதை வீங்கும், கர்ப்பிணிகளுக்குக் கரு கலையலாம். தொற்றிய சில நாட்களிலோ சில மாதங்கள் கழித்தோ தொடங்கலாம். காசநோய், தைபோயிட் என்று தவறாகக் கருதப்படுவதும் உண்டு. ஆகவே வைத்தியரிடம் மாடு ஆடு வளர்ப்பதையும், கன்று வீசியதையும், பச்சைப்பால் குடித்ததையும் நீங்களே சொல்லுங்கள். சவூதியிலிருந்து திரும்பியவர்களும் உம்ரா சென்று வந்தவர்களும் அங்கு காய்ச்சாத ஒட்டகப்பால் குடித்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும், அந்நாட்டில் இந்நோய் நிலைபெற்றிருக்கிறது. ஆட்டுப்பால் சத்தானது என்று பிள்ளைகளுக்குப் பச்சையாகக் கொடுக்கும் பழக்கத்தையும் விடுங்கள். ஒரு கொதி வந்தால் கிருமி செத்துவிடும், சத்தும் அப்படியொன்றும் போய்விடாது.

நோயாளியை ஒதுக்கி வைக்கத் தேவையில்லை, மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது மிக அரிது. சிகிச்சை பொதுவாக ஆறு வாரங்கள்: டொக்சிசைக்கிளின் மாத்திரையுடன் ரிபாம்பிசினோ வேறொரு மருந்தோ சேர்த்துக் கொடுப்பார்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் மருந்து வேறுபடும். இரண்டாவது வாரத்தில் காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துபவர்களுக்கே நோய் அதிகமாகத் திரும்பி வருகிறது.