‘அடுத்த மாசம் வைக்கலாம்’ பிறந்த கதை

“பீரியட்ஸ் ஆன ரெண்டாம் நாள் ஸ்கேனுக்கு வந்துரும்மா.” குழந்தைக்காகச் சிகிச்சைக்குப் போகிற பெண்ணின் காதில் முதலில் விழுவது இதுதான். குரங்கணிச் சரிவில் ஏலக்காய் எடுக்கப் போகிறவளுக்கு அந்த ஒரு ஸ்கேன் என்றாலே ஜீப் பிடித்துப் போடிக்கு இறங்க வேண்டும். அன்றைய கூலி போச்சு. முட்டை வளர்ச்சியைப் பார்க்க மறுபடி மறுபடி அதே இறக்கம். எல்லாம் தாண்டி முட்டையும் எடுத்துக் கருவும் உருவான பிறகு டாக்டர் சில பேரிடம் சொல்வார்: “இப்ப வேண்டாம். ஃப்ரீஸ் பண்ணி வச்சுட்டு அடுத்த மாசம் வைக்கலாம்.” மாமியார் விடுவாரா? “காசப் பிடுங்கத்தேன் இழுத்தடிக்கிறாய்ங்க!”

அந்த யோசனை பிறந்தது கல்கத்தாவில்.

1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தாள். அதைச் சாதித்த ஸ்டெப்டோவும் எட்வர்ட்ஸும் அவளுடைய தாய்க்கு முட்டை வளர ஊசி போடவில்லை. இயற்கையாக விளைந்த ஒரே முட்டை. அதை எடுக்கும் நேரம் தப்பாமலிருக்கச் சிறுநீரில், முட்டை வெளிவரத் தூண்டும் எல்.எச். ஹார்மோன் ஏறுகிறதா என்று இரவு பகலாகப் பார்த்தார்கள்.

கல்கத்தா டாக்டர் சுபாஷ் முகர்ஜி வேறு வழியில் போனார். ஊசி போட்டுப் பல முட்டைகளை வளர்த்தார். ஆனால் ஊசி போட்ட மாதத்தில் ஹார்மோன் எக்கச்சக்கமாக ஏறும். கருப்பையின் உள்சுவர் கருவோடு ஒத்துப்போகாது. கரு ஒட்டிக்கொள்வதோ மாதத்தில் சில நாட்கள்தான். நாற்று தயார், வயலில் பதம் இல்லை என்ற நிலை. எனவே கருவை 53 நாட்கள் உறைய வைத்து, ஊசி போடாத வேறொரு சுழற்சியில் வைத்தார். 1978 அக்டோபர் 3, இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை துர்கா பிறந்தாள்.

ஆனால் மேற்கு வங்க அரசு அமைத்த குழு முகர்ஜி சொன்னதை நம்பவில்லை. ஜப்பானுக்குப் போய்ப் பேசவும் அனுமதி கிடைக்கவில்லை. கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றினார்கள். ஹார்மோன் ஆராய்ந்தவருக்குக் கண்ணில் என்ன வேலை? 1981 ஜூன் 19 அன்று தூக்கில் தொங்கினார்.

1986-இல் மும்பையில் பிறந்த குழந்தைதான் இந்தியாவின் முதலாவது என்றார்கள். அந்தச் சாதனைக்குப் பின்னிருந்த விஞ்ஞானிகளில் ஒருவர் டி.சி. ஆனந்த குமார். அவரே முகர்ஜியின் குறிப்பேடுகளைப் படித்துவிட்டு, முதலிடம் முகர்ஜிக்கே என்று 1997-இல் எழுதினார். தன் தலையிலிருந்த கிரீடத்தைக் கழற்றிச் செத்தவருக்குச் சூட்ட எத்தனை பேருக்கு மனசு வரும்?

அதற்காக, தள்ளி வைத்தால் எல்லோருக்கும் பலிக்கும் என்பதில்லை. 2016-இல் வெளியான சீன ஆய்வில் சினைப்பையில் நீர்க்கட்டி உள்ள பெண்களில் உடனே வைத்தவர்களில் 42 சதவீதத்தினருக்கும், உறைய வைத்துப் பிறகு வைத்தவர்களில் 49 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. நீர்க்கட்டி இல்லாத பெண்களிடம் 2018-இல் வியட்நாம் ஆய்வு பெரிய வித்தியாசம் காணவில்லை.

ஆகவே “அடுத்த மாசம்” என்று டாக்டர் சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள், தலையாட்டிவிட்டும் வராதீர்கள். “எனக்கு ஏன் தள்ளி வைக்கிறீங்க?” என்று கேளுங்கள். சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு.