எண்ணெய்க் கறை படிந்த பாடப் புத்தகங்கள்



இன்று பரிசளிப்பு விழா. மேடையேறிப் போன பிள்ளை கையில் ஒரு புத்தகத்தோடு இறங்கி வரும்போது பெற்ற வயிறு குளிர்கிற நாள். இந்த நல்ல நாளில், யாரும் யாருக்கும் பரிசாகக் கொடுக்காத சில புத்தகங்களின் வரலாற்றை உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். அட்டை கிழிந்தவை, எண்ணெய்க் கறை படிந்தவை, குப்பை என்று நெருப்பில் போடப்பட்டவை. ஆனால் தப்பிப் பிழைத்த சிலவற்றைத் தேடி இன்று பல நாடுகளில் ஆட்கள் அலைகிறார்கள். பெட்டியில் வைத்துப் பூட்டிக் காக்கிறார்கள்.

அவை என்ன புத்தகங்கள் என்கிறீர்களா? போர் விமானங்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக்குகளுக்காக அச்சிட்ட பயிற்சிப் புத்தகங்கள்.

நம் தாத்தாமார் 'ஆகாயக் கப்பல்' என்று அண்ணாந்து பார்த்த விமானத்தை ஓட்டியவர் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. அதைக் கீழே நின்று முடுக்கி, துடைத்து, 'இனிப் பறக்கலாம்' என்று கையெழுத்துப் போட்டவன் பெயர் எங்கே இருக்கிறது? பிரிட்டிஷ் விமானப் படையில் 'பாரம் 700' என்று ஒரு பதிவேடு உண்டு. மெக்கானிக் தான் செய்த வேலைக்கு அதில் கையெழுத்துப் போடுவான். விமானியும் அதைப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் விமானத்தில் ஏறுவார். மேலே போகிறவரின் உயிர் கீழே நிற்கிறவன் கையில் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அந்தக் கையைப் பழக்குவதற்காக 1920-இல் இங்கிலாந்தில் ஒரு திட்டம் தொடங்கியது. விமானப் படைத் தலைவர் டிரன்ச்சார்ட், பதினைந்து பதினாறு வயதுப் பையன்களைச் சேர்த்து மூன்று ஆண்டுகள் தொழில் கற்றுக் கொடுக்க ஏற்பாடு செய்தார். முதலில் கிரான்வெல் என்ற இடத்திலும், 1922 முதல் ஹால்ட்டன் என்ற இடத்திலும் பயிற்சி நடந்தது. அரம் பிடிப்பதிலிருந்து இஞ்சினைப் பிரித்துப் பூட்டுவது வரை எல்லாம் பாடம். ஹால்ட்டனில் இந்தப் பயிற்சி 1993 வரை நடந்தது.

அந்தப் பையன்களில் ஒருவர் பிராங்க் விட்டில். 'உயரம் போதாது' என்று முதலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பையன் விட்டானா? உடற்பயிற்சி செய்தார், மறுபடியும் முயன்றார், 1923-இல் பயிற்சி மெக்கானிக்காகச் சேர்ந்தே விட்டார். பின்னாளில் ஜெட் இஞ்சினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் அவர்தான். அவருடைய இஞ்சின் 1937 ஏப்ரல் 12-இல் முதன்முதலாக ஓடியது. அவர் வடிவமைத்த இஞ்சின் பூட்டிய விமானம் 1941 மே 15-இல் முதல் தடவை வானில் ஏறியது. எந்த இடத்தில் தெரியுமா? அவர் சிறுவனாகத் தொழில் பழகிய அதே கிரான்வெல்லில்!

நிற்க. 1939-இல் இரண்டாம் உலக யுத்தம் வந்தது. மூன்று வருடம் உட்கார்ந்து கற்றுக் கொடுக்க அப்போது நேரம் ஏது? வயலில் இருந்தவன், கடையில் நின்றவன், ரொட்டி சுட்டவன் எல்லாரையும் சில மாதங்களில் மெக்கானிக் ஆக்க வேண்டும். பெண்களும் நீலச் சட்டை போட்டு இஞ்சின் வேலைக்கு வந்தார்கள். எதிரே இருப்பதோ சாதாரண இயந்திரம் அல்ல. ஸ்பிட்பயர் விமானத்தின் மெர்லின் இஞ்சினை எடுத்துக் கொள்ளுங்கள்: 12 சிலிண்டர், 48 வால்வு, 24 ஸ்பார்க் பிளக். ஒன்று தவறினாலும் விமானி திரும்பி வராமல் போகலாம்.

ஆகவே, கைதேர்ந்த பெரிய தொழிலாளிகளின் விரல் நுனியில் இருந்த வித்தையை எல்லாம் எளிய வார்த்தையிலும் படத்திலும் இறக்கி வைக்க வேண்டியதாயிற்று. இப்படித்தான் இந்தப் புத்தகங்கள் பெருகின. பிரிட்டிஷ் விமானப் படை இவற்றை 'ஏர் பப்ளிகேஷன்' என்று சொல்லி, எண் போட்டு வெளியிட்டது. ஸ்பிட்பயருக்கு 1565, மெர்லின் இஞ்சினுக்கு 1590. பிரித்த பாகங்களை வாழையிலையில் வரிசையாகப் பரப்பி வைத்தது போல, எதற்குப் பின் எது பூட்ட வேண்டும் என்று காட்டும் படங்கள் அவற்றில் இருக்கும். அமெரிக்காவிலும் இதே கதைதான். மிக்கி மவுஸ் படம் எடுத்த டிஸ்னி நிறுவனமே, விமானத் தகட்டில் தலை துருத்தாமல் ரிவெட் ஆணி அடிப்பது எப்படி என்று லாக்ஹீட் கம்பெனிக்கு ஒரு பயிற்சிப் படம் எடுத்துக் கொடுத்தது!

'அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை, நமக்கென்ன?' என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அவசரகாலத்தைப் பற்றித் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள்: லயத்தைச் சுற்றி முள்வேலி, இரவில் ஊரடங்கு, அரிசிக்கும் அளவு. அந்த நாளில், 1954 ஏப்ரல் 1-ஆம் தேதி, சிங்கப்பூர் சிலேத்தார் விமானத் தளத்திலிருந்து ஒரு ஸ்பிட்பயர் கிளம்பி ஜொகூர்க் காட்டைப் படம் பிடித்துக் கொண்டு திரும்பியது. பிரிட்டிஷ் விமானப் படையின் ஸ்பிட்பயர் செய்த கடைசிப் போர்ப் பணி அதுதான். அடுத்த ஆண்டு, 1955 டிசம்பர் 15-இல், மரத்தால் செய்த மொஸ்கிட்டோ விமானமும் அதே சிலேத்தாரிலிருந்துதான் தன் கடைசிப் போர்ப் பணிக்குப் பறந்தது. உலகப் புகழ் பெற்ற இரண்டு விமானங்கள் பிரிட்டிஷ் விமானப் படையில் செய்த போர்ப் பணி முடிந்தது நம் தலைக்கு மேலே உள்ள வானத்தில்தான்!

விமானம் ஓய்வு பெற்றால் அதன் புத்தகம் யாருக்கு வேண்டும்? அலமாரியை அடைத்துக் கொண்டிருந்ததை எல்லாம் எரித்தார்கள், கூழாக்கினார்கள். ஜப்பானியரோ 1945 ஆகஸ்டில் சரணடைந்த போது இராணுவக் காகிதங்களை மலை மலையாக எரித்தார்கள். விமானியின் கையேடு மெல்லியது. நினைவுக்காகச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போகலாம். மெக்கானிக்கின் புத்தகமோ செங்கல் கனம். அதை யார் தூக்கிக் கொண்டு போவார்?

இன்னொரு சங்கதியும் உண்டு. விமானத்தில் ஒரு பாகத்தை மாற்றினால், புத்தகத்துக்குத் திருத்தத் தாள் வரும். பழைய தாளை உருவி எறிந்துவிட்டுப் புதிய தாளைச் சொருக வேண்டும் என்பது கட்டளை. ஒழுங்காகத் திருத்திய புத்தகத்தில் பழைய முறை அடியோடு மறைந்து போகும். ஸ்பிட்பயரின் இறக்கை ஓரத்தில் விமானத்தைச் சாய்த்துத் திருப்பும் மடல்கள் முதலில் துணி போர்த்தியவை. பிறகு உலோகத் தகட்டுக்கு மாறின. பிற்காலப் புத்தகத்தை மட்டும் வைத்துக் கொண்டு 1940-ஆம் ஆண்டு விமானத்தைச் சீராக்க முடியுமா? அதனால், திருத்தத் தாளைச் சொருகாமல் மேசைக்குள் போட்டு வைத்த ஏதோ ஒரு சோம்பேறிக் கிராணிக்குச் சேகரிப்பாளர்கள் இன்று மனதுக்குள் நன்றி சொல்கிறார்கள்!

சேகரிக்கிறவர் புத்தகத்தை எப்படிப் பார்ப்பார் என்றும் சொல்லி விடுகிறேன். முதலில் அட்டையில் உள்ள எண்ணையும், எந்த ரகத்து விமானத்துக்கு என்பதையும் பார்ப்பார். அடுத்து, முன்பக்கத்தில் உள்ள திருத்தப் பட்டியல்: எந்தத் தேதியில் யார் கையொப்பமிட்டுத் திருத்தினார் என்பது அங்கே தெரியும். பிறகு தாளைத் தடவிப் பார்ப்பார். கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார். ஏனென்றால் 1970-களிலேயே இவற்றில் சிலவற்றுக்கு மறுபதிப்பு வந்துவிட்டது. கடைசியாக ஓரங்களைப் பார்ப்பார். கறுப்பு எண்ணெயில் பதிந்த ஒரு கட்டை விரல், 'இந்த மரையை அதிகம் இறுக்காதே' என்பது போல் பென்சிலில் ஒரு வரி. நமக்கு அழுக்காகத் தெரிவது அவருக்குப் பொக்கிஷம். பெயர் தெரியாத ஒரு தொழிலாளி தன் அனுபவத்தை அங்கே விட்டுப் போயிருக்கிறான், இல்லீங்களா?

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இரண்டு சம்பவங்கள். 1940 மே 26-இல் பிரான்ஸ் நாட்டுக் கடற்கரையில் ஒரு ஸ்பிட்பயர் அவசரமாகத் தரையிறங்கி மணலில் புதைந்தது. அதன் எண் என் 3200. 1986-இல் துருப்பிடித்த சிதைவாக அதைத் தோண்டி எடுத்தார்கள். 2014-இல் அது மறுபடியும் வானில் பறந்தது! இங்கிலாந்தின் டக்ஸ்பர்ட் அருங்காட்சியகத்துக்கு 2015-இல் அதை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட வேலையில் எந்த ஆணி எந்த அளவு, எந்தக் குழாய் எந்த வழி என்று சொல்ல, அன்று பூட்டிய ஆட்கள் இல்லை. பழைய வரைபடமும் புத்தகமும்தான் வாத்தியார்.

இரண்டாவது, மொஸ்கிட்டோ. 7,700-க்கும் மேல் செய்த விமானம். மரமும் பசையும் ஆனதால் மழையிலும் புழுக்கத்திலும் உளுத்து அழிந்தது. 2017-இல் வேல்ஸ் நாட்டில் பிராட்டன் என்ற ஊர் விமானத் தொழிற்சாலையில் ஒரு பழைய கட்டடத்தை இடிக்க இருந்தார்கள். இடிப்பதற்கு முன்னே அங்கே 20,000-க்கும் மேற்பட்ட மொஸ்கிட்டோ வரைபடங்கள் நுண்படச் சுருள் அட்டைகளில் கிடைத்தன. அந்த விமானத்தை மறுபடி பறக்க வைக்கப் பாடுபடும் ஒரு சங்கத்திடம் அவற்றை ஒப்படைத்தார்கள். இடிப்பவர்கள் முந்தியிருந்தால் அத்தனையும் மண்ணோடு மண்ணாகப் போயிருக்கும்.

மாணவச் செல்வங்களே, பழைய தாளைக் காப்பது பெரிய வித்தை அல்ல. நம் நாட்டுப் புழுக்கமும் இராமபாணப் பூச்சியும்தான் எதிரிகள். காற்றோட்டமான உலர்ந்த இடத்தில், வெயில் படாமல், படுக்கை வாட்டில் வையுங்கள். துருப்பிடித்த கம்பியை மெல்லக் கழற்றி விடுங்கள். கிழிந்த இடத்தில் பசை நாடா ஒட்டாதீர்கள். நாளாக நாளாக மஞ்சளாகித் தாளையே தின்றுவிடும். படம் எடுத்துக் கணினியில் ஏற்றியாயிற்று என்று மூலத்தை வீசி விடாதீர்கள்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நம் தோட்டத்து ஆலைகளில் இஞ்சின் ஓட்டிய பெரியவர்களும், ரப்பர் உருட்டும் மிசினைப் பிரித்துப் பூட்டிய பிட்டர்களும் வாழ்ந்தார்கள். பள்ளிக்கூடம் போகாமலே வித்தை கற்றவர்கள் பலர். வீட்டுப் பரணில் அவர்களுடைய பழைய நோட்டு, இஞ்சினோடு வந்த புத்தகம், பென்சிலால் போட்ட படம் ஏதாவது கிடக்கலாம். அடுத்த தீபாவளிக்கு வீடு சுத்தம் பண்ணும்போது அதைப் பழைய பேப்பர்காரரிடம் எடை போட்டுவிடாதீர்கள். முதலில் உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டு, 'இது உன் தாத்தா கையெழுத்து' என்று காட்டுங்கள். பிறகு எங்கள் பள்ளிக்கு ஒரு முறை கொண்டு வாருங்கள். நாங்களும் பார்க்கிறோம்.