குதிரை மசாலும் கொறங்காடும்

சொற்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டு செல்வது நமது தொழில். அத்தொழிலில் நம்மை நிறுத்திச் சிந்திக்க வைத்த பெயர்களுள் ஒன்று குதிரை மசால். ஆங்கிலத்தில் லூசர்ன் எனப்படும் இத்தீவனப் பயிருக்குப் பண்டைப் பாரசீகத்திலும் 'குதிரை உணவு' என்னும் பொருளுடைய பெயரே வழங்கிற்று.

காக்ஸ் டவுனில் வாழும் நமக்கு இப்பெயர் அந்நியமானதன்று. நமது வட்டாரம் பெங்களூர்த் தண்டைச் சார்ந்து எழுந்தது. 1809ஆம் ஆண்டில் தண்டு நிறுவப்பட்ட பின், படையோடும் படைக்குப் பணி செய்யவும் தமிழர் பலர் இங்குக் குடியேறினர். அண்மையிலுள்ள ஓசூரில் 1824ஆம் ஆண்டில் படைக்குக் குதிரைகளைப் பழக்கும் பண்ணை ஏற்பட்டது. அதுவே பிற்காலத்தில் கால்நடைப் பண்ணையாயிற்று.

குதிரை மசால் தனித்துப் பயிராகும் செல்வப் பயிர். நல்ல நிலமும் இறவைப் பாசனமும் வேண்டும். ஒருமுறை விதைத்தால் மூன்று நான்கு ஆண்டுகள் அறுக்கலாம். புரதம் மிகுந்தது. ஆயினும், பசுமையாக இதை மட்டுமே மிகுதியாகத் தின்ற மாட்டுக்கு வயிறு உப்பும்.

நீர் வளமற்ற நிலத்திற்கு வழி யாது? அதனைக் காங்கேயம் வட்டாரத்து உழவர் கண்டனர். ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழையே பெறும் அம்மண்ணில், முள்கிளுவை வேலியிட்டு, இடையிடையே வெள்வேல மரம் நிற்க, கொழுக்கட்டைப் புல்லை வளர்த்தனர். மழை பெய்ததும் புல்லினூடே நரிப்பயறும் செப்பு நெருஞ்சியும் படரும். இதுவே கொறங்காடு. ஒரு காட்டில் மேய்ச்சல் முடிந்தபின் மறு காட்டிற்கு மாடுகளை மாற்றுவர். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் பேணிய காங்கேயம் மாடுகள் இத்தகைய மேய்ச்சலிலேயே உரம் பெற்றன.

பயறு வகைச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்குகின்றன என்பதை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ரீகல் 1886இல் வெளிப்படுத்தினார். செடியின் இலையும் வேரும் மக்கும்போது அச்சத்து புல்லுக்கும் கிடைக்கிறது. புல் மாட்டின் வயிற்றை நிரப்பும். பயறு புரதத்தை அளிக்கும். இன்று வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் மூன்று வரிசை கம்பு நேப்பியர் புல்லுக்கு ஒரு வரிசை வேலிமசால் நடச் சொல்வதும், மானாவாரியில் கொழுக்கட்டைப் புல்லோடு முயல் மசாலைக் கலக்கச் சொல்வதும் இக்கருத்துப் பற்றியே.

தண்டுக் குதிரைகள் மறைந்தன. குதிரை மசாலோ கறவை மாட்டின் தீவனமாக நிலைத்துவிட்டது. கொறங்காடுகளுக்கு அந்நற்பேறு வாய்க்கவில்லை. வீட்டுமனைகளாகவும் ஆலைகளாகவும் மாறி அவை சுருங்கி வருகின்றன. அப்பகுதியில் பூர்வீக நிலமுடையோர் நம்மிடையே உண்டு. 'புல் முளைத்த தரிசுதானே, விற்றுவிடலாமா?' என ஊரிலிருந்து கேட்டால், விடையளிக்குமுன் ஒருமுறை நேரில் சென்று, மழைக்குப்பின் அப்புல்லினிடையே நரிப்பயறு படர்ந்திருக்கிறதா என்று பார்த்து வருவோமாக. படர்ந்திருப்பின், அது தரிசன்று.